பித்தளைத் தகட்டு வேலையைக் கிலோ கணக்கில் விற்கலாமா?

மேற்கணக்குக்காரி, ஹட்டன்

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடங்களாக வீட்டின் பின்பக்கச் சாய்ப்பில் பித்தளைத் தகட்டு வேலை செய்துவருகிறேன். தேயிலைக் கொத்து, கூடை சுமந்த பெண், தப்புப் பறை அடிக்கும் கைகள் என்று எங்கள் பக்கத்துக் காட்சிகளைச் சுவரில் மாட்டும் தகடுகளாகப் புடைத்து எடுக்கிறேன். வார்ப்பு வேலை எனக்குத் தெரியாது. குங்கிலியமும் செங்கல் தூளும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய அரக்கில் தகட்டைப் பதித்து, உளியால் தட்டி எழுப்புவது மட்டும்தான் என் வேலை.

சென்ற வாரம் கண்டியில் ஒரு கைப்பணிக் கடைக்கு ஆறு தகடுகளைக் கொண்டுபோனேன். கடைக்காரர் மரியாதையாக நடத்தினார். உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வேலை சுத்தம் என்றார். பிறகு ஆறையும் சேர்த்துத் தூக்கித் தராசில் வைத்தார். கிலோவுக்கு 6,500 ரூபா என்றார். தேயிலைக் கொத்துத் தகடு 480 கிராம், ஆகவே 3,120 ரூபா.

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ் கினிகத்தேனை ஏற்றத்தில் ஏறும்போதுதான் மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. அந்த ஒரு தகட்டுக்கு 550 கிராம் பித்தளை வாங்கியிருந்தேன், 2,400 ரூபா. காஸ், ஸ்பிரிட், மினுக்கம் மங்காமல் மேலே அடிக்கும் லாக்கர் எல்லாம் சேர்த்து 350. வேலை 11 மணித்தியாலம். அம்மா இன்னமும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார். மாலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்றைக்கு எவ்வளவு கிடைத்தது?" என்று என்னைக் கேட்டார். என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை.

இரண்டு கேள்விகள். தகட்டு வேலையை எடை போட்டு விற்பதுதான் முறையா? அப்படியில்லை என்றால் விலையை எப்படி வைப்பது? இரண்டாவது, லாக்கர் அடித்த தகடுகளில் பாதி பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடுகின்றன. நான் என்ன தவறு செய்கிறேன்?

கணக்கு வாத்தியார், நுவரெலியா

தங்கச்சி, முதல் கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும். பாடசாலையில் 28 வருடங்கள் கணக்கியல் படிப்பித்தவன்.

3,120 இலிருந்து 2,750 ஐக் கழித்தால் 370 ரூபா. அதை 11 ஆல் வகுத்தால் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 34 ரூபா. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. எட்டு மணித்தியாலத்துக்கு வகுத்தால் 169 ரூபா. அது போதும் என்று நான் சொல்லவில்லை, இந்த மலைநாட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் உங்கள் கைக்குக் கிடைத்தது அதிலும் ஐந்தில் ஒரு பங்கு. அம்மா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். இந்த எண்ணை முதலில் ஒரு தாளில் எழுதிச் சாய்ப்பின் சுவரில் ஒட்டி வையுங்கள்.

இனி விலை. உங்கள் ஒரு மணித்தியாலத்துக்கு 350 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கைவேலை தெரிந்த ஒருவருக்கு அது அதிகமே இல்லை. 11 மணித்தியாலத்துக்கு 3,850. தகடு 2,400. காஸ் முதலியன 350. பெட்டிக்கு 250. மொத்தம் 6,850. உளி தேய்கிறது, மின்சாரம் போகிறது, பஸ் கட்டணம் இருக்கிறது, பத்தில் ஒரு தகடு கிழிந்துபோகிறது. இவற்றுக்காகப் பத்து வீதம் சேர்த்தால் 7,535. உங்கள் கைக்கு வரவேண்டிய தொகை இது. இதற்குக் கீழே விற்றால் உங்கள் உழைப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறீர்கள் என்று பொருள்.

கடை 40 வீதம் எடுத்தால் என்ன விலை போட வேண்டும்? இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். 7,535 உடன் 40 வீதத்தைக் கூட்டி 10,549 என்று போடுவார்கள். கடைக்காரரோ 10,549 இல் 40 வீதத்தை எடுப்பார். மிச்சம் 6,329. அடக்கச் செலவான 6,850 ஐக்கூட அது தொடவில்லை. கூட்டக் கூடாது, 0.6 ஆல் வகுக்க வேண்டும். 12,558 வரும். 12,500 என்று எழுதுங்கள்.

பிலிமத்தலாவப் பட்டறை

கணக்கு வாத்தியார் ஐயா சொன்னது சரி. ஆனாலும் தராசைத் தூக்கிய கடைக்காரரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்தத் தராசு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறேன்.

நான் கம்பளைப் பக்கத்தில் பிறந்து, பதினேழு வயதில் பிலிமத்தலாவையில் ஒரு வார்ப்புப் பட்டறைக்கு உதவியாளாகப் போனவன். கொழும்பு–கண்டி வீதியில் வரிசையாகப் பித்தளைக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் ஊர்களில்தான் வேலை நடக்கிறது. ஒரு குத்துவிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக் கிலோ வரும். மூசையில் உருக்கி மண் அச்சில் ஊற்றுகிறோம். ஐந்து கிலோ விளக்குக்கும் பத்துக் கிலோ விளக்குக்கும் அச்சுப் பிடிக்கும் வேலை இரண்டு மடங்காவதில்லை. உலோகம்தான் இரண்டு மடங்காகிறது. ஆகவே விளக்கின் விலையில் பெரும்பங்கு உலோகத்துக்கே போகிறது. அதற்குத் தராசு நியாயமான அளவுகோல். வாங்குகிறவருக்கும் ஒரு நிம்மதி: நாளைக்கு விற்க வேண்டி வந்தால் எடைக்காவது பணம் வரும்.

தகட்டு வேலை இதற்கு நேர்மாறு. தகடு மெல்லியதாக இருந்தால்தான் அது உளிக்கு அசைந்து கொடுக்கும். உயரமாக எழுப்ப எழுப்ப இன்னும் மெல்லியதாகும், கிழியும் அபாயமும் கூடும். அதாவது வேலை எவ்வளவு நுட்பமோ அவ்வளவுக்கு எடை குறையும். இதை எடை போட்டு வாங்கினால், நன்றாகச் செய்தவருக்குக் குறைவாகவும் மோசமாகச் செய்தவருக்குக் கூடுதலாகவும் கொடுக்கிறோம். நான் கண்ணால் கண்டிருக்கிறேன்: எடைக்கு விற்கத் தொடங்கிய ஒரு தகட்டுக்காரர் இரண்டு வருடத்தில் தடித்த தகட்டுக்கு மாறினார். பூ இதழ்கள் எல்லாம் படுத்துவிட்டன. அவர் செய்த மயிலுக்குக் கழுத்தே இல்லாமல் போயிற்று. அவருடைய கை கெட்டுப்போகவில்லை. தராசு அவரை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டே போனது.

2022 ஐயும் மறக்க வேண்டாம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. தகடு வெளிநாட்டிலிருந்து வருவது, விலை ஒரேயடியாக ஏறியது. கிலோ விலையும் ஏறியதால் நமக்கும் கூடுதலாகக் கிடைக்கிறது என்று பலர் எண்ணினார்கள். ஏறியது முழுவதும் உலோகத்தின் பங்கு. கைக்கூலி நின்ற இடத்திலேயே நின்றது. எடையில் விற்றால் உலோகத்தின் விலை வேறு, உங்கள் விலை வேறு என்பது கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

தங்கச்சி, ஒன்று கேட்கிறேன். 11 மணித்தியாலத்தில் எத்தனை தடவை தகட்டைக் காய்ச்சுகிறீர்கள், அதாவது சூடாக்கி மென்மையாக்குகிறீர்கள்?

மேற்கணக்குக்காரி, ஹட்டன்

வாத்தியார் ஐயா, எண்ணை எழுதி ஒட்டிவிட்டேன். அம்மா அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். இரவு சாப்பிடும்போது, "அந்த 34 ஐ எடுத்துவிட்டு வேறு எண்ணை எழுது" என்று மட்டும் சொன்னார்.

அண்ணா, ஒரு தகட்டுக்கு இரண்டு தடவை காய்ச்சுகிறேன். அரக்கிலிருந்து எடுத்துத் திரும்பப் பதிப்பதற்கே முக்கால் மணித்தியாலம் போகிறது. அதனால் முடிந்தவரை தள்ளிப்போடுகிறேன்.

பிலிமத்தலாவப் பட்டறை

நினைத்தேன். தள்ளிப்போடுவதால்தான் நேரம் போகிறது. தட்டத் தட்டப் பித்தளை விறைத்துக்கொள்ளும். விறைத்த தகட்டில் பத்து அடி அடித்தாலும் மென்மையான தகட்டில் மூன்று அடிக்குக் கிடைப்பதுதான் கிடைக்கும். சுத்தியலின் ஓசையைக் கவனியுங்கள். தொடக்கத்தில் 'தொப்' என்று அமுங்கிக் கேட்கும். விறைக்க விறைக்க 'டங்' என்று மேலேறும். அந்த ஓசை வந்த உடனே நிறுத்திவிட வேண்டும். சாய்ப்பை இருட்டாக்கிக்கொண்டு சூடாக்குங்கள். தகடு மங்கிய சிவப்பாகத் தெரிந்தால் போதும், அதற்கு மேல் போனால் துத்தநாகம் ஆவியாகி மேற்பரப்பு சொரசொரத்துவிடும். பிறகு கொஞ்ச நேரம் ஆறவிட்டுத் தண்ணீரில் விடலாம். இரும்பு தண்ணீரில் விட்டால் விறைக்கும் என்ற பயம் பித்தளைக்கு வேண்டாம், அது மென்மையாகவே இருக்கும்.

ஆறு தகட்டையும் ஒரே நாளில் ஒன்றாகக் காய்ச்சி, ஒரே நாளில் ஒன்றாகப் பதியுங்கள். கொழுந்து இலைக்கு நரம்பு ஒவ்வொன்றையும் தனியாகக் கீறுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். பழைய அரத்தின் முனையைத் தேய்த்து இலை நரம்பு வடிவில் இரண்டு உளி செய்துகொள்ளுங்கள். பெரியது ஒன்று, சிறியது ஒன்று. 11 மணித்தியாலம் எட்டாகக் குறையும். வடிவம் குறையாது.

எல்ல கடை

நான் கடைக்காரர் தரப்பு. எல்லயில் ஆறு வருடங்களாகச் சிறிய கைப்பணிக் கடை நடத்துகிறேன். 40 வீதம் என்றதும் பலர் முகம் சுளிப்பதால் எழுதுகிறேன். வாடகை, உதவிக்கு ஒரு பிள்ளை, அட்டையில் பணம் செலுத்தினால் வங்கிக்குப் போகும் பங்கு, மழைக்காலத்தில் நாள் முழுக்க ஒருவர்கூட உள்ளே வராத நாட்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலைப்பாதைகள் சரிந்தபோது வாரக்கணக்கில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு வெறுமனே இருந்தேன். வாடகை நிற்கவில்லை.

ஆனால் எடை போட்டு வாங்கியவரும் 40 வீதக்காரரும் ஒன்றல்ல. அவர் அன்றே பணத்தைக் கொடுத்துவிட்டார். நான் விற்ற பிறகுதான் கொடுப்பேன். இரண்டுக்கும் வெவ்வேறு விலை இருப்பது நியாயம். உடனே காசு கொடுத்து வாங்குகிறவருக்கு இன்னும் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கலாம். விற்ற பின் பணம் என்றால் கட்டாயம் எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை பொருள், என்ன விலை, எந்தத் திகதியில் கணக்குப் பார்ப்பது, சேதமானால் யார் பொறுப்பு. ஒரு பக்கத் தாள் போதும், இருவரும் கையொப்பமிட வேண்டும்.

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்கிறேன். என் கடையில் 9,000 ரூபாவுக்கு இருந்த ஒரு விளக்கை, செய்தவரே முகநூலில் 5,500 க்குப் போட்டார். வாடிக்கையாளர் என் கண் முன்னாலேயே கைபேசியைத் திறந்து காட்டினார். அந்தக் கைவினைஞரின் பொருட்களை அன்றே திருப்பி அனுப்பினேன். நேரடியாக விற்றாலும் கடை விலைக்கே விற்க வேண்டும். அந்த 40 வீதம் அப்போது உங்கள் கூலி, ஏனென்றால் படம் எடுப்பதும் பதில் எழுதுவதும் பொதி கட்டுவதும் நீங்கள்தானே.

இங்கே வருகிறவர்கள் முதுகில் பை சுமந்து ரயிலில் வருகிறவர்கள். கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, கனமாக இருந்தால் வைத்துவிடுவார்கள். தங்கச்சியின் 480 கிராம் தகடு அவர்களுக்கு ஏற்றது. குறைந்த எடை இங்கே குறை இல்லை, அதுவே வாங்குவதற்குக் காரணம். ஆனால் ஒன்பது வளைவுப் பாலத்தை மட்டும் செய்ய வேண்டாம். 1921 இல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு உருக்கு இல்லாமல் எழுப்பிய பாலம் அது. அதை இயந்திரத்தில் வெட்டிய தகரமாகச் செய்து எல்லக் கடைகள் எங்கும் மலிவாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கையால் செய்கிறவர் அந்த விலையோடு மோத முடியாது. கூடை சுமந்த பெண்ணும் தப்பும் வேறு யாரிடமும் இல்லை.

பதுளை வெல்டர்

லாக்கர் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே. எனக்கும் முதல் இரண்டு வருடம் இதே தொல்லைதான்.

அக்கா, உங்கள் கையில் தவறில்லை, ஹட்டன் மூடுபனியில்தான் காரணம் இருக்கிறது. லாக்கரில் கலந்த தின்னர் வேகமாகப் பறக்கும்போது தகட்டின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். தகடு சில்லென்று ஆகிவிடும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், குளிர்ந்த கண்ணாடியில் நீர் முத்துமுத்தாகப் பூப்பதுபோல அந்த ஈரம் லாக்கருக்குள்ளேயே படிந்துவிடும். அதுதான் பால் நிறம். ஜூன், ஜூலையில் தென்மேல் பருவக்காற்று காலத்தில் எந்த நேரத்தில் அடித்தாலும் வெளுக்கும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு மரப்பெட்டி, உள்ளே ஒரு பழைய குமிழ் விளக்கு. தகட்டை அதற்குள் அரை மணித்தியாலம் வைப்பேன். எடுத்துப் புறங்கையில் வைத்தால் சூடு சுகமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. பிறகு விளக்கை அணைத்து, பெட்டியை வெளியே தள்ளி, காஸ் அடுப்பு எதுவும் எரியவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் லாக்கரைத் திறப்பேன். தின்னர் ஆவி தீப்பிடிக்கும், இதில் அவசரம் கூடாது. மெல்லிய பூச்சாக இரண்டு தடவை. நண்பகல் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில், வெயில் கொஞ்சமாவது தலைகாட்டும் நாளில். பெயின்ட் கடையில் மெதுவாகப் பறக்கும் தின்னர் கேட்டு வாங்கிக் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே வெளுத்த தகடுகளை எறிய வேண்டாம். லேசாகச் சூடாக்கி அதே தின்னரைப் பனிபோல மேலே தெளித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

புளி போட்டுக் கழுவுகிறீர்களா? உப்பும் சேர்த்தால் கழுவியது போதாமல் மூலைகளில் தங்கிவிடும். லாக்கருக்குக் கீழே இருந்துகொண்டு சில மாதங்களில் பச்சை பூக்கும். அப்பச்சோடா கரைத்த நீரில் ஒரு தடவை, கொதிநீரில் ஒரு தடவை அலசி, சூடான மரத்தூளில் புதைத்து எடுங்கள். பொற்கொல்லர்கள் ஈரம் எடுக்கும் வழி அது. அதற்குப் பிறகு வெறும் விரலால் தொடக் கூடாது. என் பெருவிரல் ரேகை பதிந்த தகடு ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது, விற்க முடியாமல்.

லாந்தர் செய்வதற்குப் நாகம் (துத்தநாகம்) பூசிய பழைய வாளிகளை வெட்டிப் பற்றவைக்கிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் தயவுசெய்து கேளுங்கள். 2019 இல் சாய்ப்பின் கதவைச் சாத்திக்கொண்டு அப்படி ஆறு லாந்தர் பற்றவைத்தேன். வெள்ளைப் புகை வந்தது. மாலை வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரவு எட்டு மணிக்குக் குளிர் பிடித்து உடம்பு உதறியது, வாயில் சில்லறைக் காசைக் கடித்ததுபோல ஒரு சுவை. டெங்கு என்று வீட்டில் பயந்துவிட்டார்கள். துத்தநாகப் புகைக் காய்ச்சல் என்று வைத்தியர் சொன்னார். மறுநாள் விட்டது. பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறைகளில் சொல்லுவதை நம்பாதீர்கள். பற்றவைக்கும் இடத்தில் அந்தப் பூச்சை முதலிலேயே தேய்த்து எடுத்துவிடுங்கள், திறந்தவெளியில் காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று வேலை செய்யுங்கள், அதற்கான முகமூடி போடுங்கள்.

கோயில் கவசம், மாத்தளை

சுற்றுலாப் பயணிகளை மட்டும் நம்பிப் பேசிக்கொண்டிருக்கிறோம். மலையகத்தில் எத்தனை மாரியம்மன் கோயில்கள்! ஒவ்வொரு தோட்டத்திலும் ஒன்று, சில இடங்களில் பிரிவுக்கு ஒன்று. மாசியிலிருந்து திருவிழாக்கள் தொடங்கிவிடும். எங்கள் மாத்தளை முத்துமாரியம்மன் பஞ்சரத பவனிக்கு நாடெங்கும் இருந்து வருகிறார்கள். கவசம், திருவாசி, கதவுத் தகடு, பீடத்தைச் சுற்றிய பட்டி எல்லாம் புடைப்பு வேலைதான். பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருவிக்கிறார்கள், இங்கே செய்கிறவர்கள் இருப்பதே பரிபாலன சபைகளுக்குத் தெரியாததால்.

தங்கச்சிக்கு நான் சொல்வது: கவசத்தில் உடனே கை வைக்க வேண்டாம், அதற்கு முகம் எழுப்பும் பயிற்சி வேண்டும். உண்டியல் முகப்புத் தகடு, மணிக்கூண்டுப் பட்டி போன்ற தட்டையான வேலைகளில் தொடங்குங்கள். அளவை நீங்களே நேரில் போய் எடுங்கள். அதைக் காகிதத்தில் வெட்டிக் கல்லின்மேல் வைத்துப் பாருங்கள், கல் ஒருபோதும் நேராக இருக்காது. பாதிப் பணத்தை முன்பணமாக வாங்காமல் தகடு வாங்கக் கூடாது. சபை மாறினால் பேச்சும் மாறும், ஆகவே தீர்மானத்தை எழுத்தில் கேளுங்கள்.

கோயில் வேலைக்கும் விளக்குக்கும் லாக்கர் அடிக்க வேண்டாம். கோயிலில் வாராவாரம் புளி போட்டுத் தேய்ப்பார்கள், லாக்கர் திட்டுத்திட்டாக உரியும். விளக்கில் சுடர்பட்டுக் கருகும்.

இன்னொன்று, உங்கள் தகட்டின் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது?

மேற்கணக்குக்காரி, ஹட்டன்

பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை அண்ணா. கொக்கி மட்டும்தான்.

கோயில் கவசம், மாத்தளை

அப்படியென்றால் கடையை விட்டு வெளியே போனதும் அது யாருடைய தகடும் ஆகலாம். ஒரு முத்திரை உளி செய்து, உங்கள் அடையாளமும் ஆண்டும் பொறியுங்கள். என் தகப்பனார் செய்த திருவாசி ஒன்று பசறைப் பக்கத்துக் கோயிலில் இருக்கிறது. கீழ் விளிம்பில் அவர் போட்ட சிறிய மீன் இல்லாவிட்டால் நானே அடையாளம் கண்டிருக்க மாட்டேன்.

எல்ல கடை

ஆண்டைப் பொறிப்பது வேறொரு வகையிலும் உதவும். ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட பொருட்களைத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சிலர் பித்தளையைக் கறுக்க வைத்துப் பழமை ஏற்றி விற்கிறார்கள். விமான நிலையத்தில் கேள்வி வந்தால் வாங்கியவர் என்ன செய்வார்? ஆண்டும் பற்றுச்சீட்டும் இருந்தால் பேச்சே இல்லை.

ரொறன்ரோவில் ஒரு தலவாக்கலைக்காரர்

இழை முழுவதையும் ஒரே மூச்சில் படித்தேன். தாத்தா வைத்திருந்த பழைய தேயிலைப் பெட்டி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதன் உட்பக்கம் முழுக்க மென்மையான சாம்பல் நிறத் தகடு. சிறு வயதில் நகத்தால் அதில் படம் கீறுவேன், அவ்வளவு மென்மை. தங்கச்சி அதுபோன்ற பழைய தேயிலைப் பெட்டித் தகட்டில் ஏதாவது செய்து தந்தால், என்ன விலையானாலும் வாங்கிக்கொள்வேன்.

பிலிமத்தலாவப் பட்டறை

தம்பி, மன்னித்துக்கொள்ளுங்கள், அதைக் கேட்க வேண்டாம். தங்கச்சி, நீங்களும் சம்மதிக்க வேண்டாம். பழைய தேயிலைப் பெட்டிகளுக்கு உள்ளே போட்டது காரீயத் தகடு, அலுமினியம் வந்தது பிறகுதான். நகத்தால் கீறினால் கோடு விழுந்து காகிதத்தில் கறுப்பாக எழுதினால் அது காரீயமேதான். தட்டுவதிலும் தேய்ப்பதிலும் கிளம்பும் தூளும், சூடாக்கினால் வரும் புகையும் உடம்பில் தங்கிவிடும். சாய்ப்பு வீட்டோடு ஒட்டியிருக்கிறது என்றீர்கள். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் அது வரவே கூடாது.

பழைய தேயிலை உலோகம்தான் வேண்டுமென்றால் வேறு வழி உண்டு. கொழுந்தை உருட்டும் பழைய ரோலர் இயந்திரங்களின் மேசையில் பித்தளை பதித்திருப்பார்கள். தொழிற்சாலைகளில் இயந்திரம் மாற்றும்போது அது பழைய இரும்புக் கடைகளுக்கு வரும். வருடக்கணக்காகக் கொழுந்து உருண்டு தேய்ந்த பித்தளை. நேர்மையான பற்றுச்சீட்டோடு விற்கிற கடையில் மட்டும் வாங்குங்கள்.

ரொறன்ரோவில் ஒரு தலவாக்கலைக்காரர்

அண்ணா, நன்றி. இது எனக்குத் தெரியாது. ரோலர் பித்தளை என்று கேட்டதும் கண் கலங்கிவிட்டது, அப்பா இருபது வருடம் ரோலரில்தான் நின்றார். தங்கச்சி, அதில் ஒரு கொழுந்து செய்ய முடியுமா? முழுப் பணத்தையும் முன்னதாகவே அனுப்புகிறேன். பின்னால் உங்கள் முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும்.

பதுளை வெல்டர்

பொருளோடு வைக்கும் சிறிய அட்டையில் என்ன எழுதுவது என்று என்னிடமும் பலர் கேட்டிருக்கிறார்கள். நான் என் லாந்தர்களுக்குச் சமனலவெவ கதையை எழுதுகிறேன். மலைநாட்டின் தெற்குச் சரிவில், பலாங்கொடைப் பக்கம், மேற்கு நோக்கிய மலைமுகடுகளில் வரிசையாக இரும்பு உருக்கும் உலைகளைத் தொல்லியலாளர் கில் ஜூலெப் கண்டுபிடித்தார். அந்த உலைகளுக்குத் துருத்தியே இல்லை. தென்மேல் பருவக்காற்று உலையின் முகப்பில் மோதிப் போகும்போது ஏற்படும் இழுவையே நெருப்பை ஊதியது. அதே வடிவத்தில் உலை கட்டி, உருக்கியும் காட்டினார். 1996 இல் நேச்சர் இதழில் அந்த ஆய்வு வெளிவந்தது. நம் லாக்கரை வெளுக்க வைக்கிற அதே காற்று! இதை வாசித்த பிறகு லாந்தரைத் திரும்ப வைத்துவிட்டுப் போனவர்கள் குறைவு.

கணக்கு வாத்தியார், நுவரெலியா

தங்கச்சி, பதிவு செய்தீர்களா? பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தால் அந்தப் பெயரிலேயே வங்கிக் கணக்குத் திறக்கலாம். தேசிய அருங்கலைகள் பேரவையில் கைவினைஞராகவும் பதிந்துகொள்ளுங்கள். கண்காட்சிகளில் இடம் கேட்கவும் லக்சல போன்ற அரசுக் கைப்பணிக் கடைகளை அணுகவும் உதவும். விண்ணப்பங்களைத் தமிழிலேயே கேட்டு நிரப்புங்கள்.

மேற்கணக்குக்காரி, ஹட்டன் (ஐந்து வாரங்களின் பின்)

இதுவரை நடந்ததை எழுதுகிறேன்.

நரம்பு உளிகள் இரண்டும் செய்தேன். ஓசை மாறும்போது நிறுத்தப் பழக மூன்று நாள் எடுத்தது. இப்போது ஒரு தகட்டை நாலு தடவை காய்ச்சுகிறேன், நேரம் எட்டரை மணித்தியாலத்துக்கு வந்திருக்கிறது. ஆனால் விலையைக் குறைக்கவில்லை. கிடைத்த நேரத்தில் கொழுந்தின் தலைப்பை இன்னும் உயர்த்தி எழுப்புகிறேன், நிழல் விழுகிறது.

மரப்பெட்டி வேலை செய்கிறது. மழை பெய்த ஒரு நாளில் சோதித்துப் பார்க்க ஒரே தகட்டை இரண்டாக வெட்டி, பாதியைச் சூடாக்கியும் பாதியைச் சூடாக்காமலும் அடித்தேன். ஒன்று கண்ணாடி, மற்றது பால். இரண்டையும் சேர்த்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

நான்கு தகடுகளை எல்லக் கடையில் வைத்தேன், 12,500 விலையில். இரண்டு விற்றுவிட்டன, 15,000 ரூபா கைக்கு வந்தது. வெட்டி எஞ்சிய துண்டுகளில் இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகச் சிறிய தொங்கல்கள் செய்தேன். 1,200 ரூபா விலையில் பத்தொன்பது போயிருக்கின்றன. தகடுகளைவிட அவைதான் அந்த மாதக் காஸ் செலவைத் தாங்கின. கண்டிக் கடைக்காரரிடமும் போய் வந்தேன். கிலோ கணக்கில் தர முடியாது என்பதைக் காரணத்தோடு சொன்னேன். பிலிமத்தலாவ அண்ணா சொன்ன மயிலின் கதையையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இரண்டு தகடுகளை விற்ற பின் பணம் என்ற முறையில் வைத்துப் பார்க்கிறேன் என்றார். தாளில் கையொப்பமும் வைத்தார்.

ரோலர் பித்தளை நாவலப்பிட்டியில் கிடைத்தது. தடிப்பு அதிகம், தகடாக அடித்து எடுக்க வேண்டியிருக்கிறது. மூன்று நாளாக அடித்துக்கொண்டிருக்கிறேன். ரொறன்ரோ அண்ணா இன்னும் இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முத்திரைக்கு, தேயிலைச் செடி வெட்டும் அம்மாவின் கவ்வாத்துக் கத்தியின் வளைவைத்தான் எடுத்திருக்கிறேன். முதல் தடவை தகட்டின் பின்னால் வைத்து அடித்தபோது அம்மா பக்கத்தில் நின்றார். கொஞ்சம் சாய்வாக விழுந்துவிட்டது, அழித்துவிட்டு மறுபடி அடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். சுவரில் இருந்த 34 ஐ அவரே கிழித்துவிட்டு 350 என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.

பிலிமத்தலாவப் பட்டறை

சாய்வாக விழுந்த அந்தத் தகட்டை விற்றுவிடாதீர்கள். ரோலர் பித்தளையை அடிக்கும்போது ஓரங்களில் வெடிப்பு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உடனே நிறுத்தி, வெடிப்பின் முனையை அரத்தால் வட்டமாக்கிக் காய்ச்சிவிட்டுத் தொடருங்கள். நாளை மாலை அதன் ஒரு படம் இங்கே போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.